சைக்கிள் சக்கரத்தால் 5 கிலோமீட்டர் ஓட்டப் பாதையை அளந்த விதம்

பொங்கலை ஒட்டி எங்கள் ஊரில் நடக்கும் 5 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு இந்த முறை பாதையை முறைப்படி அளந்து முடித்தோம். பொள்ளாச்சிக்குத் தெற்கே, தென்னந்தோப்புகளுக்கு நடுவே உள்ள சின்ன ஊர் எங்களுடையது. அரசுப் பள்ளி வாசலில் தொடங்கும் பாதை, மாரியம்மன் கோயிலைத் தாண்டி, பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு பாசன) வாய்க்கால் கரையோடு போகும் தார்ச்சாலையில் ஏறி, ஓரிடத்தில் திரும்பி, வந்த வழியே பள்ளி வாசலுக்கு வந்து முடியும். பழைய 28 அங்குலச் சைக்கிள் ஒன்று, காந்தக் கவுண்டர் ஒன்று, 30 மீட்டர் ஸ்டீல் டேப், ஸ்பிரிங் தராசு, வெப்பமானி. கருவிகள் இவ்வளவுதான். எந்த ஊரிலும் இரண்டு மூன்று பேர் சேர்ந்தால் இதைச் செய்துவிடலாம் என்பதால் செய்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

முன்பெல்லாம் பைக் மீட்டரைப் பார்த்துத்தான் தூரம் முடிவாகும். பைக் மீட்டரின் கடைசி இலக்கம் 100 மீட்டரைக் காட்டுவது. டயர் தேய்ந்திருந்தால் ஒரு கணக்கு, புது டயர் என்றால் வேறு கணக்கு. பிறகு கைக்கடிகாரமும் போனும் வந்தன. ஒரே பாதையை, ஒரே காலையில் ஓடி முடித்தவர்கள் காட்டிய தூரம் 4.8 முதல் 5.1 கிலோமீட்டர் வரை இருந்தது. யாருடைய கருவியும் கெட்டுப்போகவில்லை. அந்தக் கருவிகள் வேலை செய்யும் விதமே அப்படி. கடிகாரம் செயற்கைக்கோள் சிக்னலை வைத்து, சற்றைக்கொரு தடவை நாம் நிற்கும் புள்ளியைக் குறித்துக்கொள்கிறது. ஒவ்வொரு புள்ளியும் சில மீட்டர் இப்படியோ அப்படியோ தள்ளி விழும். அந்தப் புள்ளிகளை இணைத்தால் நேர்ச்சாலைகூடக் கோணல்மாணலாகி நீண்டுவிடுகிறது. வளைவிலோ புள்ளிக்குப் புள்ளி நேர்க்கோடு போட்டு மூலையை வெட்டிவிடுகிறது. அங்கே தூரம் குறையும். தென்னை ஓலைக்கு அடியில் சிக்னல் இன்னும் தடுமாறும். கூட்டியதும் குறைத்ததும் போக மிஞ்சுவதுதான் திரையில் தெரிகிறது.

இதில் என்ன போயிற்று என்று சிலர் கேட்டார்கள். நிறையப் போகிறது. ஒரு கிலோமீட்டரை 5 நிமிடத்தில் ஓடும் பிள்ளைக்குப் பாதையில் 100 மீட்டர் குறைந்தால் 30 வினாடி இனாமாகக் கிடைத்துவிடுகிறது. அந்த நேரத்தை நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு வருஷம் முழுக்கப் பயிற்சி எடுத்து, பிறகு 400 மீட்டர் டிராக்கில் இறங்கும்போது அந்த 30 வினாடியைக் காணோம். பாதை குறைந்தது அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. தன் கால் தளர்ந்துவிட்டது என்றுதான் நினைக்கும். ஓடுகிறவர் தன் பங்கை முழுதாகத் தருகிறார். நடத்துகிறவர்கள் தூரத்தை முழுதாகத் தர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

பெரிய ஊர்களிலும் இது நடந்திருக்கிறது. 1981 நியூயார்க் மராத்தானில் ஆல்பெர்ட்டோ சலசார் 2 மணி 8 நிமிடம் 13 வினாடியில் ஓடி முடித்தார். அதுவரை இருந்த உலகச் சிறந்த நேரத்தைவிட ஏறத்தாழ 21 வினாடி குறைவு. சில ஆண்டுகள் கழித்துப் பாதையை மறுபடி அளந்தபோது ஏறத்தாழ 150 மீட்டர் குறைவது தெரிந்தது. அவர் ஓடிய வேகத்தில் 150 மீட்டருக்கு 27 வினாடி ஆகும். சாதனையாக அறிவித்தது நிற்கவில்லை. இங்கிலாந்தில் 2013 முதல் 2015 வரை நடந்த மான்செஸ்டர் மராத்தான் பாதை 380 மீட்டர் குறைவாக இருந்ததை 2016-இல் வெளியிட்டார்கள். அந்த மூன்று ஆண்டும் ஓடிய ஆயிரக்கணக்கானோரின் நேரம் செல்லாமல் போயிற்று. 2016-இல் கிளாஸ்கோவில் நடந்த அரை மராத்தான் ஒன்றில் பாதை ஏறத்தாழ 150 மீட்டர் குறைவாக இருந்ததால் ஸ்காட்லாந்து வீரர் கேலம் ஹாக்கின்ஸின் தேசியச் சாதனையும் போயிற்று.

இவற்றையெல்லாம் கண்டுபிடித்துக் கொடுத்தது சைக்கிள்தான் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். உலகத் தடகளக் கூட்டமைப்பு இன்றைக்கும் சாலை ஓட்டத்துக்கு ஏற்கும் முறை, அளவு பொருத்திய சைக்கிள் முறைதான். இங்கிலாந்தில் ஜான் ஜுவல் 1960-களின் தொடக்கத்தில் இதைச் சோதித்து எழுதினார். 1952 ஒலிம்பிக் மராத்தானில் ஓடிய அமெரிக்கர் டெட் கார்பிட் அதை எடுத்துக்கொண்டு 1964-இல் தம் நாட்டுக்காக ஒரு கையேடு எழுதினார். 1971-இல் ஆலன் ஜோன்ஸ் என்ற பொறியாளர், முன் சக்கர அச்சில் மாட்டும் பல்சக்கரக் கவுண்டர் ஒன்றை வடிவமைத்தார். அவருடைய மகன் கிளெய்ன் அதைச் செய்து கொடுத்தான். ஜோன்ஸ் கவுண்டர் என்று இப்போதும் உலகம் முழுக்க அதைத்தான் மாட்டுகிறார்கள்.

முறையின் அடிப்படை எளிது. முதலில் ஒரு நேர்ச்சாலையில் 300 மீட்டருக்குக் குறையாத தூரத்தை ஸ்டீல் டேப்பால் துல்லியமாக அளந்து ஆணி அடிக்க வேண்டும். அந்த ஆணிக்கும் இந்த ஆணிக்கும் நடுவே சைக்கிளை ஓட்டி, சக்கரம் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று பார்க்க வேண்டும். அந்த எண்ணை வைத்து ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை சுற்று என்று கணக்குப் போட்டுக்கொண்டு, அதே சைக்கிளில், அதே ஆள், அதே காலையில் பாதையை அளக்க வேண்டும். முடித்த கையோடு மறுபடி ஆணிகளுக்கு நடுவே ஓட்டிச் சக்கரத்தின் அளவு மாறிவிட்டதா என்று பார்க்க வேண்டும்.

ஜோன்ஸ் கவுண்டரை வெளிநாட்டிலிருந்துதான் வரவழைக்க வேண்டும். நாங்கள் கோயம்புத்தூரில் மில் மிஷின் ஸ்பேர் விற்கும் கடையொன்றில் மிஷின் எண்ணிக்கைக்கு மாட்டும் காந்தக் கவுண்டரை வாங்கினோம். சின்னப் பெட்டி, ஐந்து இலக்கத் திரை, ஒயர் நுனியில் ஒரு சென்சார். காந்தம் சென்சாரைக் கடக்கும்போதெல்லாம் ஓர் எண் ஏறும்.

ஆனால் முழுச் சுற்று மட்டும் தெரிந்தால் போதாது. 28 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றுக்கு 2.2 மீட்டர் போகும். அவ்வளவு பெரிய படியில் அளந்தால் அளவு என்றே சொல்ல முடியாது. இங்கே நம் ஊர்ப் பழைய சைக்கிளின் அமைப்பு கைகொடுத்தது. முன் சக்கரத்தில் 32 கம்பி, பின் சக்கரத்தில் 40 கம்பி. முன் சக்கரத்தின் 32 கம்பிக்கும் ரிம்மில் 0 முதல் 31 வரை எண் எழுதி ஒட்டினேன். முன் சக்கரத்தைத் தாங்கும் போர்க்கில் ஒரு மெல்லிய கம்பியை ரிம்மைத் தொடாமல் முள்போலக் கட்டினேன். சைக்கிளை நிறுத்தியதும் கவுண்டரில் சுற்று, முள்ளுக்கு நேரே கம்பி எண். ஒரு கம்பி இடைவெளி என்பது 6.9 செ.மீ. பாதிக் கம்பிவரை கண்ணால் சொல்லிவிடலாம், அதாவது மூன்றரை செ.மீ. ஹப்பில் கம்பிகள் குறுக்கும் நெடுக்கும் பின்னியிருக்கும் என்பதால் அங்கே பார்க்கக் கூடாது, ரிம்மில்தான் பார்க்க வேண்டும்.

காந்தத்தை ஒரு கம்பியில் வைத்து எம்-சீல் போட்டு இறுக்கினேன். சென்சார் எந்த இடத்தில் எண்ணை ஏற்றுகிறதோ அந்த நிலையில் முள்ளுக்கு நேரே வரும் கம்பிக்குத்தான் 0 என்று எழுத வேண்டும். இதை மாற்றி எழுதினால் ஒவ்வொரு கணக்கிலும் ஒரு சுற்று முன்பின் ஆகிவிடும். இன்னொன்று, ஜோன்ஸ் கவுண்டர் பின்னால் உருட்டினால் எண்ணைக் குறைக்கும். இந்தக் கவுண்டர் பின்னால் உருட்டினாலும் கூட்டும். ஆகவே அளக்கும்போது குறியைத் தாண்டிவிட்டால் பின்னுக்கு உருட்டுவதே கூடாது. தாண்டிய இடத்தில் நின்று படித்துவிட்டு, குறிக்கும் சக்கரத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியைக் கைடேப்பால் அளந்து கழித்துக்கொள்ள வேண்டும்.

சைக்கிள் கடை அண்ணனிடம் முன் சக்கரத்தைக் கொடுத்துப் பெண்டு எடுத்து, கோனும் பால்ரஸும் பார்த்து, ஆட்டம் இல்லாமல் வாங்கினோம். "ஏனுங் தம்பி, ஓட்டறதுக்கா, இல்ல நெலத்த அளக்கறதுக்கா?" என்று கேட்டவர், விஷயத்தைச் சொன்னதும் அவராகவே வால்ட்யூபை மாற்றிக் கொடுத்தார். "பழசா இருந்தா காத்து உங்களுக்கே தெரியாம கசியுமுங்க, அப்புறம் உங்க கணக்கு பூராம் போயிரும்" என்றார். இந்த வேலையில் அதைவிட முக்கியமான அறிவுரை கிடையாது. காற்று குறைந்தால் சக்கரம் அமுங்கும், ஒரு சுற்றில் போகும் தூரம் குறையும், எண்ணிக்கை ஏறும். பஞ்சர் ஆனால் அதுவரை செய்ததை விட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

முன் சக்கரத்தில்தான் அளக்க வேண்டும். மிதிக்கும்போது பின் சக்கரம் கொஞ்சம் வழுக்கும், ஆளின் எடையும் அங்கே கூடுதல்.

அடுத்தது ஆணி அடிக்கும் வேலை. மொத்த வேலையிலும் அதிகப் பொறுமை இதற்குத்தான் வேண்டும். இங்கே 1 செ.மீ. தவறினால் 5 கிலோமீட்டரில் அது 17 செ.மீ. ஆகும். வாய்க்கால் கரையில் வளைவே இல்லாத, வண்டி அதிகம் வராத தார்ச்சாலைப் பகுதியைத் தேர்ந்தெடுத்தோம். ஓய்வுபெற்ற சர்வேயர் ஐயா ஒருவர் தம்முடைய ஸ்டீல் டேப்பைக் கொண்டுவந்து கூடவே நின்றார். பைபர் டேப் இழுத்த இழுப்புக்கு நீளும், அதை இந்த வேலைக்கு எடுக்கவே கூடாது என்பது அவர் சொன்ன முதல் பாடம். "டேப்பு தரையோட ஒட்டிக் கெடக்கோணும். இழுக்கற இழுவ எப்பவும் ஒண்ணா இருக்கோணும் தம்பி" என்றார். 30 மீட்டர் டேப்பை 5 கிலோ இழுவையில் இழுக்க வேண்டும். டேப் நுனியில் ஸ்பிரிங் தராசை மாட்டி, முள் 5-இல் நிற்கும்போது மற்றவர் குறி வைப்பது என்று செய்தோம். தாரின் மேல் நேரே கோடு போட்டால் தடிமனாக விழும். அதனால் பேப்பர் டேப் ஒட்டி, அதன் மேல் கூர்மையான பேனாவால் கோடு.

பத்து டேப் நீளம் சேர்ந்தால் 300 மீட்டர். ஒன்பதா பத்தா என்று குழம்பி ஒரு டேப் நீளமே விட்டுப்போவதுதான் இந்த வேலையில் காலங்காலமாக நடக்கும் பெரிய தவறு என்று சர்வேயர் ஐயா சொன்னார். ஒவ்வொரு குறியின் பக்கத்திலும் 1, 2, 3 என்று எழுதிக்கொண்டே போனோம்.

இரும்பு வெயிலில் நீளும். ஸ்டீல் டேப் 20 டிகிரி செல்சியஸில் சரியான அளவு காட்டும்படி செய்யப்படுகிறது. அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் ஒரு மீட்டருக்கு 0.0000116 மீட்டர் நீளும். சின்ன எண்தான், ஆனால் 32 டிகிரியில் அளந்தால் 300 மீட்டரில் 4 செ.மீ. வித்தியாசம், 5 கிலோமீட்டரில் அது 70 செ.மீ. காற்றின் சூட்டைப் பார்க்கக் கூடாது. டேப் கிடக்கும் தரையில், நிழல் கட்டி, வெப்பமானியை டேப்போடு ஒட்டி வைத்துப் பார்க்க வேண்டும். வெயில் ஏறும் முன்பே தொடங்கினோம். முதல் அளவில் 25 டிகிரி, 300 மீட்டர் காட்டிய இடத்தில் ஆணி. டேப் நீண்டிருப்பதால் உண்மை நீளம் 300.017 மீட்டர். எதிர்த்திசையில் இரண்டாவது தடவை அளந்தபோது அதே ஆணிகளுக்கு நடுவே டேப் 300.020 காட்டியது, சூடு 27 டிகிரி. திருத்தினால் 300.044. இரண்டின் சராசரி 300.03 மீட்டர். இந்த எண்ணை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக் கட்டம் போட்டு வைத்தோம். ஆணிகள் வாஷரோடு அடித்த கான்கிரீட் ஆணிகள், சுற்றிலும் மஞ்சள் பெயிண்ட்.

பாதை அளக்கும் காலையில் விடியும் முன்பே டயரில் காற்று நிரப்பி, பத்து நிமிடம் சும்மா ஓட்டினேன். ஓடினால்தான் டயர் ஒரு நிலைக்கு வரும். பிறகு ஆணி முதல் ஆணி வரை நான்கு ஓட்டம், போக இரண்டு, வர இரண்டு. தொடங்கும்போது முன் சக்கரத்தைத் தூக்கி 0-ஆம் கம்பியை முள்ளுக்கு நேரே கொண்டுவந்து, அச்சு ஆணிக்கு நேர் மேலே இருக்கும்படி இறக்கி, பிரேக்கைப் பிடித்துக்கொண்டு கவுண்டரைப் பூஜ்யமாக்க வேண்டும். முடிவில் ஆணிக்கு நேரே மெல்ல வந்து பிரேக்கைப் பிடித்துப் படிக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் 136 சுற்று முடிந்து கம்பி 12, 12½, 11½, 12 என்று வந்தது. கம்பிக் கணக்கில் சராசரி 4364. நான்கு ஓட்டமும் ஒரு கம்பிக்குள் ஒத்துப்போனபோது, சர்வேயர் ஐயா நோட்டை வாங்கி இரண்டு தடவை பார்த்தார். 136 சுற்று என்ற எண்ணே டேப் நீளம் எதுவும் விட்டுப்போகவில்லை என்பதற்கும் சாட்சி. ஒரு டேப் விட்டிருந்தால் 122, 123 என்று வந்திருக்கும்.

4364-ஐ 300.03-ஆல் வகுத்து ஆயிரத்தால் பெருக்கினால் ஒரு கிலோமீட்டருக்கு 14,545.2 கம்பி. இதோடு கட்டாயம் செய்ய வேண்டிய ஒன்று இருக்கிறது. இந்த எண்ணை 1.001-ஆல் பெருக்க வேண்டும். ஆயிரத்துக்கு ஒன்று கூடுதல். எவ்வளவு கவனமாக அளந்தாலும் சின்னச் சின்னப் பிசகு இருக்கும். அந்தப் பிசகால் பாதை குறைந்துவிடவே கூடாது என்பதற்காக உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட கூடுதல் இது. 5 கிலோமீட்டரில் 5 மீட்டர், மராத்தானில் 42 மீட்டர். ஓடுகிறவருக்கு இரண்டு வினாடி கூடும். ஆனால் அவர் ஓடியது 5 கிலோமீட்டருக்குக் குறையாது என்று எழுத்தில் கொடுக்கலாம். எங்கள் எண் 14,559.8 ஆனது. சுற்றில் சொன்னால் 454 சுற்று, 31.8 கம்பி, கிட்டத்தட்ட 455 சுற்று.

பாதையில் எந்தக் கோட்டில் சைக்கிளை விடுவது என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். சாலை நடுவே ஓட்டினால் தூரம் தப்பாகிவிடும். ஓடுகிறவர் நடுவே ஓட மாட்டார், வளைவு வந்தால் உள்பக்கமாகத்தான் திரும்புவார். ஆகவே ஒருவர் ஓடக்கூடிய மிகக் குறுகிய வழி எதுவோ அதைத்தான் அளக்க வேண்டும். வளைவுகளில் உள்ஓரத்திலிருந்து 30 செ.மீ. தள்ளி, ஒரு வளைவுக்கும் அடுத்த எதிர் வளைவுக்கும் நடுவே சாலையைக் குறுக்கே வெட்டி நேர்க்கோடாக. சாலையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போவதென்றால் எதிரே வரும் வண்டியைப் பார்த்தாக வேண்டும். பின்னால் ஒரு தம்பி பைக்கில் இண்டிகேட்டர் போட்டுக்கொண்டு வந்தான், முன்னால் இன்னொருவர் வண்டிகளை நிறுத்தினார். ஊராட்சியிலும் காவல் நிலையத்திலும் முன்கூட்டியே சொல்லியிருந்தோம். இந்த ஏற்பாடு இல்லாமல் யாரும் இறங்க வேண்டாம்.

தார் முடிந்து மண் தொடங்கும் ஓரம் எங்கள் சாலையில் பல இடங்களில் உடைந்திருக்கிறது. மண்ணில் கால் வைத்து யாரும் குறுக்கே போகக்கூடிய இடமா என்று ஒவ்வொரு வளைவிலும் நின்று பார்த்தோம். மாரியம்மன் கோயில் வளைவில் அது பெரிய கேள்வியாயிற்று. சாலை கோயில் திடலைச் சுற்றி வளைகிறது, திடலோ திறந்து கிடக்கிறது. பிள்ளைகள் திடலுக்குள் நேராக ஓடினால் நல்ல தூரம் மிச்சமாகும். இரண்டு வழிதான். திடலுக்குள்ளேயே அளப்பது, அல்லது கயிறு கட்டி அடைப்பது. திடலில் கோலமும் பொங்கல் அடுப்பும் இருக்கும் நாள் என்பதால் கயிறு கட்டுவது என்று முடிவாயிற்று. கயிறு எந்த மின்கம்பத்தில் தொடங்கி எந்த வேப்பமரத்தில் முடிகிறது என்று படம் வரைந்துகொண்டு, கயிற்றிலிருந்து 30 செ.மீ. தள்ளி அளந்தேன்.

சைக்கிள் ஓட்டும் விதமும் கணக்கில் சேரும். எழுந்து நின்று மிதிக்கக் கூடாது, எடை முன் சக்கரத்துக்கு மாறிவிடும். ஹேண்டில்பார் ஆடினால் முன் சக்கரம் பாம்புபோல் நெளிந்து கூடுதல் தூரம் போகும். மிக மெதுவாகப் போனால் ஆட்டம் வரும், ஆகவே சீரான நடுத்தர வேகம். தண்ணீர் பாட்டில், பை எதுவானாலும் ஆணிகளுக்கு நடுவே ஓட்டியபோது என்ன இருந்ததோ அதுவே கடைசிவரை இருக்க வேண்டும்.

போகும்போது ஒவ்வொரு கிலோமீட்டரிலும் நின்று பெயிண்ட் வைத்து, 1137 சுற்று 15½ கம்பியில் திரும்பும் இடத்துக்கு ஆணி அடித்தோம். இரண்டரை கிலோமீட்டர். அங்கிருந்து பள்ளி வாசல் கோட்டுக்குத் திரும்பி வந்தபோது 2274 சுற்று 27 கம்பி. வர வேண்டியது 2274 சுற்று 30.8 கம்பி. 26 செ.மீ. குறைவு.

உடனே இரண்டாவது தடவை முழுப் பாதையையும் அளந்தேன். வண்டி குறைவாக இருந்ததால் இரண்டு வளைவுகளில் முன்னைவிட நன்றாக உள்ஓரத்தில் ஒட்டிப் போக முடிந்தது. இந்தத் தடவை 2274 சுற்று 8 கம்பி, இலக்கைவிட 1.6 மீட்டர் குறைவு. அமெரிக்காவில் இரண்டு அளவுக்கும் நடுவே 0.08 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது என்று வைத்திருக்கிறார்கள். எங்களுடையது 0.03 சதவீதத்துக்கும் கீழே. எண் குறைந்ததற்குச் சரியான கோடு மட்டும் காரணமாக இருக்காது, வெயில் ஏறி டயர் சூடானதும் காரணமாக இருக்கலாம். சூடான டயரில் காற்று விரியும், சக்கரம் பருக்கும், எண்ணிக்கை குறையும். எது எவ்வளவு என்று பிரிக்க முடியாத இடத்தில் பாதையை நீட்டும் பக்கமாகவே முடிவெடுக்க வேண்டும். திரும்பும் ஆணியை 80 செ.மீ. தள்ளி அடித்தோம். போக 80, வர 80, சேர்த்து 1.6 மீட்டர்.

பிறகு மறுபடி வாய்க்கால் கரை ஆணிகளுக்குப் போய் நான்கு ஓட்டம். 136 சுற்றோடு கம்பி 10, 9½, 10, 9½. சராசரி 4361.75. காலையைவிட 2¼ கம்பி குறைவு. டயர் பருத்தது உண்மைதான், 5 கிலோமீட்டருக்கு இரண்டரை மீட்டர் அளவுக்கு. அளக்கும் முன் ஓர் எண், அளந்த பின் ஓர் எண் என்று இரண்டு வந்தால் சராசரி எடுப்பதும் உண்டு. நாங்கள் பெரிய எண்ணையே வைத்துக்கொண்டோம். பெரிய எண்ணில் போட்ட பாதை நீளுமே தவிரக் குறையாது. அளந்த பின் வந்த எண் பெரிதாக இருந்திருந்தால் அதை வைத்துக் கணக்கை மறுபடி போட்டு ஆணியை நகர்த்தியிருப்போம்.

ஆணி நிலையானது இல்லை. சாலையைப் புதிதாகப் போட்டால் அடியில் புதைந்துவிடும். அதனால் பள்ளி வாசல் கோடு, ஒவ்வொரு கிலோமீட்டர், திரும்பும் இடம், கோயில் கயிறு, 300 மீட்டர் ஆணிகள் எல்லாவற்றையும் அசையாத பொருள்களிலிருந்து அளந்து எழுதினோம். இந்த மின்கம்பத்தின் எண், அதிலிருந்து பள்ளிப் பக்கமாக இத்தனை மீட்டர். இந்தப் பாலத்துக் கைப்பிடிச் சுவரின் முனை, அதிலிருந்து இத்தனை. ஒரு குறிக்கு இரண்டு பொருளாவது வேண்டும். மரத்தை நம்பிக் குறி எழுத வேண்டாம் என்று சர்வேயர் ஐயா சொன்னதால், கயிற்றின் மறுமுனையை வேப்பமரத்தோடு கோயில் சுற்றுச்சுவரையும் வைத்து எழுதினோம்.

ஓட்டம் முடிந்தால் "என் வாட்ச்சில் 5.07 வந்ததே" என்று வருவார்கள். அது வர வேண்டிய எண்தான். பாதையில் முதலிலேயே 5 மீட்டர் கூடுதல் இருக்கிறது, கூட்டத்தில் விலகி விலகி ஓடுவதால் யாரும் குறுகிய கோட்டிலேயே ஓடுவதில்லை, மேலே சிக்னலின் கோணல் வேறு. இதைப் பொறுமையாக விளக்கி, பதிவு செய்யும் மேசையில் ஒட்ட ஒரு தாள் எழுதி வைத்திருக்கிறோம். அளந்த முறை, டேப் அளவு, கம்பிக் கணக்கு எல்லாம் அதில் உண்டு. சந்தேகப்படுகிறவர் கணக்கைத் தானே போட்டுப் பார்க்கலாம்.

ஓட்ட நாளுக்கு இரண்டு வேலை மிச்சம். விடியும் முன்பு அளந்த ஆளே வரைபடத்தோடு போய்த் திரும்பும் ஆணியின் மேலேயே கூம்பை வைத்து, ஓட்டம் முடியும்வரை அங்கே ஒருவர் நிற்க வேண்டும். யாராவது வண்டிக்கு வழிவிட என்று கூம்பை இருபது மீட்டர் இழுத்து வைத்தால் பாதையில் நாற்பது மீட்டர் போய்விடும். கூம்பைச் சுற்றி 30 செ.மீ. தள்ளி ஓடும் அரைவட்டத்தில் 94 செ.மீ. இருக்கிறது. அதை நாங்கள் கணக்கில் சேர்க்கவில்லை, கூடுதலாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம். கோயில் கயிற்றைக் கட்டும் பொறுப்பைத் திடலில் அடுப்பு மூட்டும் பெண்களே எடுத்துக்கொண்டார்கள்.

வரைபடமும் நோட்டுப் பக்கங்களும் பள்ளியில் விளையாட்டு ஆசிரியரிடம் ஒன்று, ஊராட்சி அலுவலகத்தில் ஒன்று என இருக்கின்றன. பக்கத்து ஊர்களிலும் ஓட்டம் நடத்துகிறார்கள். அவர்கள் டேப் பிடிக்க வேண்டியதில்லை. காற்று சரியாக உள்ள சைக்கிளோடு வந்து வாய்க்கால் கரை ஆணிகளுக்கு நடுவே நான்கு தடவை ஓட்டி எண்ணை எடுத்துக்கொண்டு, தங்கள் பாதையை அளந்து முடித்த கையோடு திரும்பி வந்து மறுபடி நான்கு தடவை ஓட்டினால் போதும். கவுண்டர் பள்ளி அலமாரியில் இருக்கிறது, கேட்டால் கொடுப்பார்கள்.